கம்பியும் தமிழெழுத்தும்: சிங்கப்பூர்த் தந்தி முதல் கணினி இணைப்பு வரை

சிங்கப்பூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். தந்திக் கம்பியைப் பற்றி ஓரிரு வரிகளோடு அமைவர். அந்நகரில் தமிழர் வாழ்ந்த வாழ்வை ஆராய்வோரும் கப்பலைச் சொல்லும் அளவுக்குக் கம்பியைச் சொல்வதில்லை. இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றைக் கூறுவோரோ எழுத்துருவில் தொடங்கி விசைப்பலகையில் முடித்துவிடுகின்றனர். மேசைக் கணினி ஒன்றைத் தொலைபேசிக் கம்பியோடு பிணைப்பது எவ்வாறு என்னும் சிறு செய்தியை அறியாமல் அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது என்பது என் கருத்து. தமிழாசிரியர்கள் இதனைத் தம் துறைக்குப் புறம்பானது என்று தள்ளிவிடலாகாது. இதில் இடர்ப்பட்டது நம் எழுத்து.

கடலடியில் கம்பி இடுவதற்கு முதற்கண் வேண்டுவது கம்பியன்று, அதன் மேலுறை. செப்புக் கம்பியில் ஓடும் மின்சாரம் உப்புநீரில் கசிந்து போகாதபடி காக்கும் பொருள் ஒன்று வேண்டும். அப்பொருள் மலாய் மண்ணிலிருந்து கிடைத்தது. ‘கெட்டா பெர்ச்சா’ என்னும் மரப்பாலை மலாய்க்காரர் பாராங்குக் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்தி வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் இப்பொருள் கடல்நீரில் கெடுவதில்லை என்று கண்டனர். 1850, 1851 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இடப்பட்ட கம்பிகளுக்கு இதுவே உறையாயிற்று. தோட்டப்புறத்தில் ‘பால்மரம்’ என்றால் ரப்பர் மரத்தையே குறிக்கும். கெட்டா பெர்ச்சா அதனின் வேறானது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தால் மரம் சாவதில்லை. இந்த மரத்தையோ வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தனர். உலகக் கடல்களுக்கெல்லாம் உறை கொடுத்த மரம், சிங்கப்பூர்த் தீவில் சில பத்தாண்டுகளுக்குள் அருகிப் போயிற்று.

சிங்கப்பூருக்கு முதலில் வந்த கடலடிக் கம்பி பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவிலிருந்து, 1859இல் இடப்பட்டதாகும். அது நிலைக்கவில்லை. நங்கூரங்கள் இழுத்தும் பவளப் பாறைகள் அறுத்தும் அடிக்கடி பழுதுபட்டுக் கைவிடப்பட்டது. நிலையான கம்பி 1871இல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதே தமிழர் கருதத்தக்கது. மதராசிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது அக்கம்பி. பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக இங்கிலாந்து வரை செல்லும் கடற்கம்பி 1870இல் முடிந்திருந்தது. பம்பாயையும் மதராசையும் தரைவழித் தந்தி இணைத்திருந்தது. ஆகவே சிங்கப்பூரை இலண்டனோடு பேசவைத்த கம்பி தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இறங்கிய கம்பியேயாகும். அதே ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங்கிற்கும், ஜாவா வழியாக ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் கம்பிகள் சென்றன. கப்பல்கள் கூடும் இடமாக இருந்த நகர் கம்பிகள் கூடும் இடமாகவும் ஆயிற்று.

அக்கம்பியில் தமிழ் சென்றதா எனின், சென்றது. ஆனால் தன் எழுத்தோடு செல்லவில்லை. மோர்ஸ் குறியீடு உரோமன் எழுத்துக்கென அமைந்தது. எனவே தமிழர் அனுப்பிய தந்தி ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், அல்லது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியமையால் சுருங்கச் சொல்லவேண்டிய நெருக்கடியும் இருந்தது. ஊரிலிருந்து தந்தி வந்தால் அதனைப் பிரித்துப் படிக்கக் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ தேடி ஓடியது தோட்டத்துத் தலைமுறைகள் பல அறிந்த செய்தி. தந்தி என்ற சொல்லுக்கே சாவுச் செய்தி என்னும் பொருள் மக்கள் மனத்தில் படிந்ததும் இதனால்தான். தாய் இறந்த செய்தி தாய்மொழியில் வரவில்லை.

1887இல் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ வார இதழைத் தொடங்கியபோது மதராஸ் கம்பிக்கு வயது பதினாறு. இவ்விதழைப் பற்றிப் பின்னும் ஒருமுறை கூற நேரும்.

தொலைபேசி சிங்கப்பூருக்கு மிக விரைவாக வந்தது. பெல் 1876இல் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டு கழித்து, 1879இல், பென்னட் பெல் என்பவர் ஐம்பது இணைப்புகள் கொண்ட ஒரு தனியார் நிலையத்தைச் சிங்கப்பூரில் நிறுவினார். கீழைநாடுகளில் இதுவே முதல் தொலைபேசி அமைப்பு என்பர். (பெயர் ஒத்திருப்பது கண்டு இருவரையும் ஒருவராக மயங்கலாகாது, எழுத்தாலும் ஆளாலும் அவர் வேறு, இவர் வேறு.) தொலைபேசிக் கம்பிக்கு மொழி வேறுபாடு இல்லை. வாயில் எழும் ஒலி எதுவோ அதுவே செவியில் விழும். ஆகவே தந்தியில் நுழைய இயலாத தமிழ், தொலைபேசியில் தடையின்றி நுழைந்தது. பின்னர் 1980களில் தொலைநகல் பரவியபோது தமிழ்க் கையெழுத்தும் கம்பியில் சென்றது.

இங்கு ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்கவேண்டும். தொலைபேசியில் சென்றது தமிழ் ஒலி. தொலைநகலில் சென்றது தமிழெழுத்தின் படம். தொலைநகற் கருவிக்குத் தாளிலுள்ள ககரமும் தாளில் விழுந்த மைக்கறையும் ஒன்றே. இரண்டையும் கறுப்புப் புள்ளிகளாகவே அது அனுப்பும். எழுத்து எழுத்தாகச் செல்லுதல் இவ்விரண்டினும் வேறானது. அனுப்பும் கருவி ‘இது ககரம்’ என்று சொல்லவேண்டும். பெறும் கருவி அதனைக் ககரம் என்று அறிந்து காட்டவேண்டும். அப்பொழுதுதான் அதனைத் தேடலாம், திருத்தலாம், அகரவரிசையில் அடுக்கலாம். ஒலிவடிவு, வரிவடிவு என்று நம் இலக்கணம் எழுத்தை இரண்டாகப் பகுக்கும். கணினி ‘எண்வடிவு’ என மூன்றாவது ஒன்றைக் கொணர்ந்தது எனலாம். தமிழெழுத்துக்கு அம்மூன்றாம் வடிவைத் தேடிய கதையே இது.

இனிக் கம்பியோடு கணினி பிணைந்த முறையைக் காண்போம். கணினிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். அவற்றை ஒன்று, சுழியம் எனக் குறிப்பர். அத்தகைய இருநிலைக் குறி ஒன்றைப் ‘பிட்’ என்பர். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்கென அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிரும் ஒலிகளையே அது செவ்வனே சுமக்கும். கணினியின் குறிகளை அப்படியே அதில் விட்டால் அவை உருக்குலையும். எனவே ஒன்றுக்கு ஓர் ஒலி, சுழியத்துக்கு மற்றோர் ஒலி என மாற்றி அனுப்பவும், மறுமுனையில் ஒலியைக் கேட்டுக் குறியாக மீட்கவும் ஓர் இடைக்கருவி வேண்டியதாயிற்று. அதுவே மோடம். அலைமீது குறியை ஏற்றுவதும் இறக்குவதும் அதன் தொழில் என்பதால் இப்பெயர் பெற்றது. சுருங்கச் சொன்னால், கணினியைப் பேசவைத்துத் தொலைபேசியை ஏமாற்றும் கருவி அது.

1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட், தொடக்க முடிவுக் குறிகளுக்கு இரண்டு, ஆகப் பத்து என்று கொண்டால், நொடிக்கு முப்பது எழுத்து. 1991இல் வந்த தரம் 14,400 பிட், 1994இல் 28,800, 1998இல் 56,000. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் அதற்கு மேல் ஏற இயலவில்லை. 14,400 பிட் மோடத்தில் ஒரு கவிதை எழுத்தாக வந்தால் ஒரு நொடியில் வந்துவிடும். அதே கவிதையைப் படமாக்கி, அப்படம் 50,000 பைட் அளவில் இருந்தால், அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துக்கும் எழுத்தின் படத்துக்கும் உள்ள வேறுபாடு அன்று பணமாகவும் நேரமாகவும் உணரப்பட்டது.

மோடத்தின் ஒரு முனை கணினியிலும் மறுமுனை சுவரிலுள்ள தொலைபேசிச் செருகுவாயிலும் பொருந்தும். கணினி எண்ணைச் சுழற்றும்; மறுபுறத்து மோடம் எடுக்கும்; இரண்டும் கீச்சென்றும் கரகரவென்றும் மாறி மாறி ஒலித்துத் தமக்குப் பொதுவான வேகத்தை முடிவு செய்யும். அவ்வோசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதைக் கடந்துவிட்டது. கம்பி ஒன்றே ஆதலால், கணினி இணைப்பில் இருக்கும்போது வீட்டுக்கு வரும் அழைப்பு நுழையாது. யாரேனும் அறியாமல் மற்றொரு தொலைபேசியை எடுத்தால் இணைப்பு அறுந்துபோகும்.

சிங்கப்பூரில் இவ்விணைப்பு படிப்படியாக வந்தது. தேசியப் பல்கலைக்கழகம் 1987இல் பிட்நெட் என்னும் கல்வி வலையில் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளருக்கென டெக்நெட் அமைந்தது. அதே காலத்தில் தொலைபேசி நிறுவனம் டெலிவியூ என்றொரு சேவையை நடத்தியது. கேட்பவரின் வேண்டுகோள் தொலைபேசிக் கம்பியில் செல்லும். படங்கள் தொலைக்காட்சி அலைவழி வந்து சேரும். நல்ல கற்பனைதான், இணையம் வந்ததும் அது பின்தங்கிவிட்டது. 1994 ஜூலையில் சிங்நெட் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு விற்கத் தொடங்கியது. 1995இல் பசிபிக் இன்டர்நெட்டும் 1996இல் சைபர்வேயும் வந்தன. கருவி வாங்குவோர்க்கு 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் சதுக்கம் இருந்தது. தேக்காச் சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். ஜொகூரிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் குவீன் ஸ்திரீட் வந்திறங்கும் எம்போன்ற ஆசிரியர்க்கு, ஒரே நாளில் மளிகையும் பூமாலையும் மோடமும் வாங்கித் திரும்புவது இயல்பாக இருந்தது.

கருவி கிடைத்தது, கம்பியும் கிடைத்தது. தமிழெழுத்து சென்றதா? இங்குதான் தந்தியின் பழங்கதை மீண்டும் தலைகாட்டியது.

கம்பித் தொடர்பின் எழுத்துக் கணக்கு தொடக்கமுதல் ஆங்கிலத்துக்கென வகுக்கப்பட்டது. தொலைஅச்சில் ஓர் எழுத்துக்கு ஐந்து பிட். ஆகக் குறிகள் 32. (நம் முதலெழுத்து முப்பதும் ஆய்தமும் சேர்ந்தால் 31. எண்ணிக்கை அளவில் நமக்கும் இடமிருந்தது! ஆனால் சொல்லிடைவெளிக்கும் வரிமாற்றத்துக்கும் குறிகள் வேண்டுமே.) 1963இல் வகுக்கப்பட்ட அஸ்கி என்னும் குறிமுறை ஏழு பிட், ஆகக் குறிகள் 128. ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு அது போதும். எட்டு பிட் பயன்படுத்தினால் 256 இடங்கள். மேலைப் பாதியாகிய 128 முதல் 255 வரை வெறுமையாக இருக்கும். தமிழ் எழுத்துரு செய்தோர் பலர் அந்த மேலைப் பாதியில் தமிழைக் குடியமர்த்தினர். கணினிக்குள் அது நன்றாகவே நடந்தது.

கம்பியில் இறங்கியதும் இடர் தொடங்கியது. 1982இல் வகுத்த மின்னஞ்சல் விதி ஏழு பிட்டுக்கே உறுதி கூறியது. வழியிலுள்ள கணினிகள் சில எட்டாவது பிட்டை அறுத்துவிட்டு அனுப்பின. தமிழெழுத்து ஒன்றுக்கு 200 என்ற எண் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். எட்டாம் பிட்டின் மதிப்பு 128. அதனை இழந்தால் எஞ்சுவது 72. அஸ்கியில் 72 என்பது ஆங்கில ‘எச்’. அனுப்பியவர் எழுதியது தமிழ். பெற்றவர் கண்டது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். 1992இல் வந்த ‘மைம்’ என்னும் முறை எட்டு பிட் செய்தியை ஏழு பிட் உறைக்குள் பொதிந்து அனுப்ப வழி செய்தது; அது எங்கும் பரவச் சில ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்பினர். 1871இன் தந்தி முறையும் 1990களின் மின்னஞ்சல் முறையும் ஒன்றாயின!

இரண்டாவது இடர் நம்மவர் செய்துகொண்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனையும் ஆக்கினர். கனடாவில் சீனிவாசன் ஆதமியை முன்னரே ஆக்கியிருந்தார். ஒவ்வொருவர் உழைப்பும் போற்றத்தக்கது. ஆயினும் ஒருவர் முறையில் ககரமாக நின்ற எண் மற்றொருவர் முறையில் வேறெழுத்தாக நின்றது. தனித்தனி வீட்டில் இருந்தவரை இதனால் தீங்கில்லை. கம்பி வீடுகளை இணைத்தபோதுதான் பொதுக் குறிமுறை இன்மை புலப்பட்டது. தமிழெழுத்துக்குத் தரம் வேண்டும் என்னும் இயக்கத்தைக் கம்பியே பிறப்பித்தது என்று யான் கூறுவது இதுபற்றியே.

நா. கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர், சிறுகதை எழுத்தாளர். ‘சிங்கைநேசன்’ இதழில் வந்த ‘வினோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூரின் முதல் சிறுகதை முயற்சியாக எடுத்துக்காட்டிய ஆராய்ச்சியாளரும் அவரே. பழைய இதழைத் தோண்டிய கையே புதிய குறிமுறையையும் வகுத்தது. ஆசிரியப் பயிற்சித் துறையிலிருந்து இம்முயற்சி எழுந்ததை நாம் கருதவேண்டும். பொறியாளர் கேட்கும் கேள்வி ‘எத்தனை குறி?’ என்பது. பயிற்சி ஆசிரியர் கேட்கும் கேள்வி ‘பிள்ளை எதை முதலில் தட்டும்?’ என்பது.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. 1984 முதல் 1995 வரையிலான கவிதைகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அதில் இடம்பெற்றன. அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய டான் டின் வீ குழுவினரோடு கோவிந்தசாமி இணைந்து உழைத்தார். மதராஸ் கம்பி வந்து 124 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்திய மொழிகளுள் முதலில் இணையம் ஏறியது தமிழே என்றும், அது இந்நாளில்தான் என்றும் மேடைகளில் முழங்குவதுண்டு. ‘முதல்’ என்னும் சொல்லை வரலாற்று மாணவன் எளிதில் வழங்கலாகாது. தமிழர் கூடிப் பேசிய செய்திக்குழுக்கள் அதற்கு முன்னரே இருந்தன. அங்கே தமிழ் ஆங்கில எழுத்தில் வழங்கியது. மயிலை போன்ற எழுத்துருக்களும் 1995க்கு முன்பே வலைவழிப் பகிரப்பட்டன. ஒரு நாட்டின் பல்கலைக்கழகமும் அதிபரும் முன்னின்று, மற்ற மூன்று அரசு மொழிகளோடு ஒரே மேடையில் தமிழை இணையப் பக்கமாக வைத்தனர் என்பதே சிங்கப்பூர் நிகழ்ச்சியின் சிறப்பு. அதற்கு ‘முதல்’ என்னும் அணி வேண்டுவதில்லை.

1997 மே திங்களில் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய இரண்டாம் மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறிமுறைக்கும் தரம் வகுத்தது. அதே ஆண்டு மே திங்களில் கோவிந்தசாமி மறைந்தார். வயது ஐம்பத்துமூன்றைத் தாண்டவில்லை. 2000ஆம் ஆண்டு மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் நடந்து, ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. இதற்கிடையே யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அகரத்தின் எண் அதில் 2949. உலகில் எக்கணினியிலும் அதுவே. அம்முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறிகளாகி, இணையத்தில் பதினைந்து பைட் பெறும். ஆங்கிலத்தில் அதனை எழுத ஐந்து பைட் போதும். மும்மடங்கு சுமை என்று அன்று குறைகூறினர். மோடம் காலத்தில் அக்குறைக்குப் பொருளிருந்தது.

நிற்க. தொலைபேசிக் கம்பி வீட்டை ஊரோடு இணைத்தது. ஒரே கட்டடத்துக் கணினிகளைத் தம்முள் இணைப்பது வேறு கம்பி. 1973இல் ராபர்ட் மெட்காஃப் அமெரிக்காவில் வகுத்த ஈதர்நெட் அதற்கு வழி கண்டது. பலர் கூடிய அவையில் ஒருவர் பேசுங்கால் மற்றவர் பொறுத்திருப்பர். இருவர் ஒருங்கே பேசத் தொடங்கினால் இருவரும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்குவர். தொடக்ககால ஈதர்நெட்டின் விதி அதுவே. இன்று பள்ளிக் கணினி அறைகளில் காணும் வடத்துள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்கன்று, புறத்தேயிருந்து வரும் மின்னிரைச்சல் இரு கம்பியிலும் ஒப்பத் தாக்கி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவேயாம். நூறு மீட்டருக்கு மேல் இவ்வடத்தை நீட்டலாகாது. மோடம் இங்கு வேண்டுவதில்லை. எம் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கரும்பலகை எழுத்துக்குத் தந்த மதிப்பெண்ணில் பாதியேனும் இதற்குத் தந்திருக்கலாம் என்று தோன்றுவதுண்டு.

1998இல் சிங்கப்பூர் ஒன் என்னும் அகன்ற அலைவரிசைத் திட்டம் வணிக அளவில் தொடங்கியது. பழைய செப்புக் கம்பியிலேயே குரலுக்கு மேற்பட்ட அதிர்வுகளில் கணினிச் செய்தியை ஏற்றியதால், பேச்சும் இணைப்பும் ஒருங்கே நடந்தன. 2010 முதல் கண்ணாடி இழை வீடுகளுக்கு வரத் தொடங்கியது. கடலடியிலும் கெட்டா பெர்ச்சா போய்க் கண்ணாடி இழை வந்தது: 2002இல் ஐ2ஐ என்னும் வடம் சென்னையையும் சிங்கப்பூரையும் நேரே இணைத்தது. ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். 1871இன் கம்பி சென்ற திசைதான், பினாங்கில் தங்கவில்லை. அக்காலத்தில் ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் அழைப்பட்டை வாங்கிப் பொதுத் தொலைபேசி முன் வரிசை நின்ற தொழிலாளரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தந்தியைப் பிரித்துப் படிக்க ஆள் தேடி ஓடியவரின் பேரர் வயதினர் அவர்கள். அவர்களுக்கு இடையில் ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை.

2011இல் இணைய முகவரியின் இறுதிச் சொல்லாக ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழெழுத்திலேயே எழுதும் உரிமை நடைமுறைக்கு வந்தது. பன்மொழி முகவரிக்கு 1998இல் வழிகண்டதும் டான் டின் வீயின் குழுவே.

எஞ்சி நிற்கும் பணி ஒன்றுண்டு. 1990களில் பல்வேறு குறிமுறைகளில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களையும் பாடக் குறிப்புகளையும் இன்றைய கணினியில் திறந்தால், அவை ஐரோப்பிய மொழிகளின் தலைக்குறியிட்ட எழுத்துகளாகக் காட்சி தருகின்றன. அவை அழியவில்லை, எண்கள் அப்படியே உள்ளன. எந்த எண் எந்த எழுத்து என்னும் அட்டவணை கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றுவது அரைநாள் வேலை. அதற்கு அன்று பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் தெரியவேண்டும். கல்வெட்டுக்குப் படியெடுப்போர் வட்டெழுத்தா கிரந்தமா என்று முதலில் காண்பதுபோன்றது இது. எம் பள்ளியின் மரப்பேழையில் அக்காலத்து ஆசிரியர்கள் பாடம் பதிந்து வைத்த மெல்வட்டுகள் பதினேழு உள்ளன. எழுத்துருவின் பெயர் மேலே எழுதப்பட்டவை நான்கு.